மகளுடன் பாட்டுப் போட்டி மேடைக்குப் போய்வந்த ஏழு மாதங்கள்

என் மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு தமிழ்த் தொலைக்காட்சியின் சிறுவர் பாட்டுப் போட்டிக்கு மதுரையில் ஆள் தேர்வு நடக்கிறது என்று அவளுடைய பாட்டு டீச்சர் தகவல் சொன்னார். திண்டுக்கல்லில் இருந்து மதுரை ஒன்றரை மணி நேரப் பயணம்தான் என்பதால், போய்ப் பாடிவிட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம் என்று எண்ணிக் கிளம்பினோம். அன்று தொடங்கிய அலைச்சல் ஏழு மாதங்கள் நீடித்தது. எந்தத் தொலைக்காட்சி, எந்த ஆண்டு என்பதை இங்கே குறிப்பிடவில்லை. எங்களை அன்போடு நடத்தியவர்களும் மனம் நோகச் செய்தவர்களும் அங்கே இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பேசுவதைவிட, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலில் போய் நிற்க நினைக்கும் பெற்றோருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்வதே என் நோக்கம். நான் கணித ஆசிரியை. சங்கீதம் எனக்குக் கேள்வி ஞானம் மட்டும்தான் என்பதால், தெரியாததையெல்லாம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த நோட்டில் இருந்து வருகிறது.

என் தலைமுறையினருக்குத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி என்றால் 1990களில் சன் தொலைக்காட்சியில் ஏ.வி. ரமணன் நடத்திய சப்தஸ்வரங்கள்தான் நினைவுக்கு வரும். பாடுவார்கள், நடுவர்கள் கருத்துச் சொல்வார்கள், ஒருவர் வெல்வார், அத்துடன் முடிந்துவிடும். 2001இல் பிரிட்டனில் வந்த பாப் ஐடல், பாடுபவரின் வீட்டுக் கதையையும் நேயர்களின் வாக்கையும் போட்டிக்குள் கொண்டுவந்தது. அந்த வடிவம் 2004இல் இந்தியன் ஐடலாக இந்திக்கு வந்தது. தமிழில் 2006இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய சூப்பர் சிங்கரும் அதற்குப் பின் வந்தவையும், ஒரே பிள்ளையை மாதக்கணக்கில் நேயர்கள் தொடர்ந்து பார்த்துப் பழகும்படி அமைந்தவை. நான் சப்தஸ்வரங்களை மனத்தில் வைத்துக்கொண்டு போனேன். நிகழ்ச்சி நடத்துபவர்களோ இருபது, முப்பது வாரங்களுக்குத் தாங்கக்கூடிய ஒரு தொடரைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வேறுபாடு எனக்குப் புரிவதற்கே இரண்டு மாதம் ஆயிற்று. புரிந்த பிறகு எங்கள் சங்கடங்களில் பாதி குறைந்தது.

முதல்கட்டத் தேர்வு ஒரு தனியார் பள்ளி வளாகத்தில் நடந்தது. காலை ஆறு மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோதே வரிசை தெரு முனை வரை வளர்ந்திருந்தது. எங்களுக்குக் கிடைத்த டோக்கன் எண் 614. உள்ளே அழைக்கப்பட்டபோது மணி மாலை மூன்றரை. இடைப்பட்ட ஒன்பதரை மணி நேரமும் வரிசையில் நின்ற பிள்ளைகள் பாடிப் பாடிப் பழகிக்கொண்டே இருந்தார்கள். மதியத்துக்குள் பலருக்குத் தொண்டை கட்டிவிட்டது. என் மகளை டீச்சர் முன்பே எச்சரித்திருந்ததால், காலையில் கால் மணி நேரம் மெல்லிய குரலில் அகாரம் (ஸ்வரங்களை ‘ஆ’ என்று பாடும் பயிற்சி) பாடியதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். பிளாஸ்கில் வெந்நீர், இட்லி, இரண்டு வாழைப்பழம், படிக்க ஒரு கதைப் புத்தகம் ஆகியவை அன்று எங்களுக்கு எந்தப் பயிற்சியையும் விட அதிகம் உதவின.

தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் புகழ்பெற்ற நடுவர்கள் அந்த முதல் அறையில் இருக்க மாட்டார்கள். ஒரு வகுப்பறையில் இரண்டு இசை ஆசிரியர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியமும் கிடையாது, கரோக்கியும் கிடையாது. கைப்பேசியில் சுருதிப்பெட்டியை ஒலிக்கவிட்டு, “பாடும்மா” என்றார்கள். நாற்பது விநாடி கூட ஆகியிருக்காது, நிறுத்தச் சொல்லி, “இதுக்கு நேர் எதிரா ஒண்ணு பாடு” என்றார்கள். மெலடி பாடியவளிடம் வேகப்பாட்டைக் கேட்கிறார்கள். அதற்கு ஒன்று கையில் இல்லாமல் விழித்த பிள்ளைகளை அன்று பலமுறை பார்த்தேன். நாற்பது விநாடிதான் கிடைக்கும் என்பதால், பல்லவியில் குரல் தாழ்ந்தே நிற்கும் பாட்டைத் தேர்ந்தால் பிள்ளையின் திறமை வெளிப்படும் முன்பே நிறுத்திவிடுவார்கள். அப்படிப்பட்ட பாட்டாக இருந்தால் சரணத்தில் தொடங்கிப் பாட அனுமதி கேட்கலாம், கேட்டவர்களை அவர்கள் மறுக்கவில்லை. அந்த நடைவழியில் காத்திருந்தபோது ஒரே பாட்டைப் பதினொரு பிள்ளைகள் பாடக் கேட்டேன். பன்னிரண்டாவது பிள்ளை எவ்வளவு நன்றாகப் பாடினாலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களின் காது சலித்திருக்கும்.

அன்று நிரப்பிக் கொடுத்த படிவத்தில் அப்பாவின் தொழில், பொழுதுபோக்கு, ‘வாழ்வில் மறக்க முடியாத நிகழ்வு’ என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். வரிசையில் நின்றபடியே அவசரமாக நிரப்பிய நான், அவளுக்கு முதல் பாட்டைச் சொல்லிக்கொடுத்தவர் அவளுடைய தாத்தா என்றும், அவர் சென்ற ஆண்டு காலமானார் என்றும் எழுதினேன். அந்த இரண்டு வரி பிறகு எங்கே போய் நின்றது என்பதைப் பின்னால் சொல்கிறேன். படிவத்தின் அந்தப் பக்கத்தை அவர்கள் பாட்டுக்கு இணையாகக் கவனித்துப் படிக்கிறார்கள். வெளியே வர வேண்டாம் என்று நீங்கள் நினைக்கும் எதையும் அதில் எழுதாதீர்கள்.

கேமரா முன்னால் இரண்டாவது தேர்வு, சென்னையில் மூன்றாவது தேர்வு ஆகியவை முடிந்து அவள் தேர்வானபோது ஓர் ஒப்பந்தம் கொடுத்தார்கள். இருபத்து மூன்று பக்கம், முழுவதும் ஆங்கிலம், மறுநாள் காலையில் கையெழுத்து வேண்டும் என்றார்கள். என் கணவரின் தம்பி வழக்கறிஞராக இருப்பதால், பக்கங்களைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பினோம். இரவு ஒரு மணி வரை தொலைபேசியில் ஒவ்வொன்றாக விளக்கினார். பதிவு செய்யப்படும் குரலும் படமும் அவர்களுக்கே உரியவை, எந்த ஊடகத்திலும் எத்தனை காலத்துக்கும் பயன்படுத்தலாம், எப்படி வேண்டுமானாலும் தொகுக்கலாம் என்றிருந்தது. போட்டி நடக்கும் காலத்திலும் முடிந்து சில மாதங்கள் வரையிலும் அனுமதியின்றி வேறு தொலைக்காட்சியிலோ கட்டண மேடையிலோ பாடக் கூடாது என்றும் இருந்தது. கோவில் திருவிழாவுக்கும் பள்ளி விழாவுக்கும் விலக்கு வேண்டும் என்று எழுத்தில் கேட்டோம், கொடுத்தார்கள். கேட்டால் கிடைக்கும் என்பது பெரும்பாலானோருக்குத் தெரிவதில்லை.

பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையாக இருந்தால் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய சட்டம் ஒன்று உண்டு. 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டு, 2017இல் அதற்கான விதிகளும் திருத்தப்பட்டன. கலைஞராகப் பங்கேற்கும் குழந்தையை நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலையில் ஈடுபடுத்தக் கூடாது. ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். தொடர்ச்சியாக 27 நாள்களுக்கு மேல் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளராவது இருக்க வேண்டும். குழந்தைக்குக் கிடைக்கும் வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அதன் பெயரிலேயே வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்பவை அவ்விதிகள். இவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தேன். ஒரு முறை அது தேவைப்பட்டது.

சென்னைக்குப் போன பிறகு வாரம் ஒரு சுற்று. ‘எண்பதுகளின் பாடல்கள்’, ‘கிராமியப் பாடல்கள்’, ‘பக்திப் பாடல்கள்’ என்று ஒரு தலைப்புத் தருவார்கள். நாங்கள் ஆறு பாட்டுகளை எழுதிக் கொடுக்க வேண்டும். அவற்றில் ஒன்றை அவர்கள் முடிவு செய்வார்கள். முதல் சுற்றில் ஆறும் மெலடியாகவே கொடுத்தேன். ஆறும் திரும்பி வந்தன. பட்டியலில் இல்லாத ஒரு குத்துப்பாட்டைக் கொடுத்து, நான்கு நாளில் பாடச் சொன்னார்கள். அவள் அதை அதற்கு முன் முழுதாகக் கேட்டது கூட இல்லை. காரணத்தை இசைக்குழுவில் இருந்த ஒரு தம்பி பிறகு விளக்கினார். ஒரு பாட்டு நிராகரிக்கப்படுவதற்கும் பிள்ளையின் தகுதிக்கும் பெரும்பாலும் தொடர்பிருக்காது. அந்தப் பாட்டுக்கான உரிமம் அவர்களிடம் இல்லாதிருக்கலாம். வேறொரு பிள்ளை அதை முன்பே எடுத்திருக்கலாம். அந்த வாரம் நான்கு சோகப்பாட்டு சேர்ந்துவிட்டதால் நிகழ்ச்சி தொய்ந்துவிடும் என்று கருதியிருக்கலாம். அதற்குப் பிறகு நான் கொடுத்த பட்டியல்களில் இரண்டு மெலடி, இரண்டு வேகப்பாட்டு, ஒரு நாட்டுப்புற மெட்டு, ராகம் தெளிவாகத் தெரியும் பாட்டு ஒன்று என்று கலந்து வைத்தேன். ஆறுமே அவள் முன்பே நன்றாகப் பாடக்கூடியவையாக இருக்கும்படியும் பார்த்துக்கொண்டேன். பிறகு எந்தச் சுற்றிலும் தெரியாத பாட்டு வரவில்லை. உரிமம் என்பது சிறிய விஷயமும் இல்லை. 2017இல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கும் சித்ராவுக்குமே, தாம் இசையமைத்த பாடல்களை மேடையில் பாடுவது குறித்து இளையராஜா சட்ட அறிவிப்பு அனுப்பியது அனைவரும் அறிந்ததுதான்.

பாட்டு முடிவானதும் அடுத்தது கட்டை. ஆர்மோனியத்தில் ‘ஸ’ எந்தக் கட்டையில் நிற்கிறதோ அதுவே பாடுபவரின் சுருதி என்பதும், ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையிலும் பெண்கள் ஐந்து, ஐந்தரையிலும் கர்நாடக சங்கீதம் பாடுவார்கள் என்பதும் பாட்டு வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்தவை. என் மகளுக்கு ஐந்தரை. வகுப்பில் எல்லாப் பாட்டும் அந்த ஐந்தரைக்கு வந்து சேரும். திரைப்பாடலோ வேறொருவர் குரலுக்காக, வேறொரு சுருதியில் அமைக்கப்பட்டது. எஸ். ஜானகி பாடிய ஒரு பாட்டை அதே சுருதியில் எடுத்தால், பல்லவியில் இவளுக்குக் கீழே ஒலி எழும்பாது, அல்லது சரணத்தில் மேலே எட்டாது. எனவே அரைக் கட்டை ஏற்றுவதா இறக்குவதா என்று குரல் பயிற்சியாளர் உட்கார்ந்து முடிவு செய்வார். அந்த ஐந்து நிமிடம்தான் ஒரு சுற்றின் தலையெழுத்தை எழுதுகிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

நாங்கள் அதில் ஒரு முறை தவறினோம். நான்காவது சுற்றுக்கான பாட்டின் சரணத்தில் தார ஸ்தாயியில், அதாவது மேல் ஸ்வரங்களில், ஒரு பிடி (சிறு இசைத்தொடர்) உண்டு. கட்டை முடிவு செய்த நாளில் அவள் குரல் நல்ல நிலையில் இருந்தது. உயர்ந்த சுருதியில் அந்த இடம் மணியாக ஒலித்தது. பயிற்சியாளரும் மகிழ்ந்தார், நானும் மகிழ்ந்தேன். படப்பிடிப்பு நாளில், பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் தூங்காமல் வந்த பிள்ளைக்குத் தொண்டை கரகரத்தது. அரைக் கட்டை இறக்கித் தரும்படி கேட்டோம். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி மாறிவிடும். ஆனால் புல்லாங்குழல்காரர் ஒவ்வொரு கட்டைக்கும் தனிக்குழல் வைத்திருப்பவர், வேண்டிய குழலை அன்று கொண்டுவரவில்லை. முன்பே பதிவு செய்து வைத்த தாளத் தடங்களும் தந்தி வாத்திய இசையும் பழைய சுருதியில் இருந்தன. மாற்ற முடியாது என்றார்கள், அவர்கள் நிலையில் அது நியாயமும்கூட. அந்தப் பிடியில் அவள் குரல் பிசிறியது. அன்றிலிருந்து எங்கள் வழக்கம் இதுதான்: பாட்டை முழுதாக மூன்று முறை பாடிக் களைத்த பிறகு, நான்காவது முறை அந்த உயர்ந்த இடத்தை எந்தக் கட்டையில் சிரமமின்றித் தொடுகிறாளோ அதையே கேட்போம். நல்ல நாளில் பாடும்போது அது கொஞ்சம் தாழ்ந்ததாகத் தோன்றும்; தோன்றட்டும்.

நான்கரை நிமிடப் பாட்டு மேடையில் இரண்டரை நிமிடமாகச் சுருங்கும். பல்லவி, ஒரு இடையிசை, ஒரு சரணம், மீண்டும் பல்லவி, அவ்வளவுதான். இடையிசையையும் பாதியாக வெட்டிவிடுவார்கள் என்பதால், மூலப்பாட்டைக் கேட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளை சரணத்தின் எடுப்பைத் தவறவிடும். ஒத்திகையின்போது அந்த வெட்டிய வடிவத்தைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ள அனுமதி கேளுங்கள். வீட்டில் அதை மட்டுமே வைத்துப் பழகுங்கள். இசைக்குழுவோடு எங்களுக்குக் கிடைத்த ஒத்திகை ஒவ்வொரு சுற்றுக்கும் இருபது நிமிடம்தான். காதில் செருகும் ஒலிக்கருவி இன்னொரு சோதனை. தம்பூராவுக்கு நடுவில் உட்கார்ந்து பாடிப் பழகிய பிள்ளைக்குத் தன் குரல் காதுக்குள்ளிருந்து கேட்பது பயத்தைத் தரும். தன் குரல் எவ்வளவு சத்தமாக வேண்டும், தாளம் எவ்வளவு வேண்டும் என்று ஒலிப்பொறியாளரிடம் கூச்சமின்றிச் சொல்லப் பழக்க வேண்டும். என் மகள் முதல் இரண்டு சுற்றுகளில் சரியாகக் கேட்காமலேயே பாடியிருக்கிறாள். கேட்டால் திட்டுவார்களோ என்று பேசாமல் இருந்தாளாம்.

படப்பிடிப்பு நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலை ஏழு மணிக்கு வரச் சொல்வார்கள். ஒப்பனை, உடை, ஒலிவாங்கிப் பரிசோதனை எல்லாம் முடியும்போது பதினொன்று. ஒரே நாளில் இரண்டு வாரத்துக்கான நிகழ்ச்சிகளைப் படமாக்குவதால், உடை மாற்றி மீண்டும் தயாராக வேண்டும். குளிரூட்டிய அரங்குக்கு உள்ளே உடல் நடுங்கும், வெளியே வந்தால் வியர்க்கும்; தொண்டைக்கு இதைவிடப் பகை கிடையாது. கழுத்தைச் சுற்ற ஒரு பருத்தித் துண்டு எப்போதும் வைத்திருந்தோம். பாடுவது இரண்டரை நிமிடம், காத்திருப்பது பன்னிரண்டு மணி நேரம். மற்றவர்கள் பாடும்போது கைதட்டுவது, வியப்பது, கண் கலங்குவது ஆகியவற்றைத் தனியாகவும் எடுப்பார்கள். நாம் வீட்டில் பார்க்கும்போது ஒரு பாட்டுக்குத் தலையாட்டுவதாகத் தெரியும் முகம் வேறு நேரத்தில் எடுக்கப்பட்டதாக இருக்கலாம். முடிவை அறிவிக்கும் காட்சியை ஒரு முறை எடுத்துவிட்டு, அருகில் இருந்து முகம் தெரிய மறுபடியும் எடுத்தார்கள். வெளியேறப் போவது யார் என்று தெரிந்த பிறகும் அந்தப் பிள்ளைகள் தெரியாதவர்களைப் போல நிற்க வேண்டியிருந்தது. எனக்கு அது இன்று வரை உறுத்தலாகவே இருக்கிறது.

மூன்றாவது படப்பிடிப்பில் இரவு ஒன்பதே முக்காலுக்கும் அவள் முறை வரவில்லை. அவளைவிடச் சிறிய பையன் ஒருவன் அவன் அம்மாவின் மடியில் ஒப்பனையோடு தூங்கிக்கொண்டிருந்தான். அப்போதுதான் கைப்பையில் இருந்த தாளை எடுத்தேன். தயாரிப்பு நிர்வாகியிடம் போய், “தம்பி, சண்டைக்கு வரலை. சட்டத்துல இப்படி இருக்கு, நீங்களே படிச்சுப் பாருங்க” என்று அமைதியாகச் சொன்னேன். முகம் சுளித்தார்தான், ஆனால் அடுத்த பத்து நிமிடத்தில் பிள்ளைகளின் பாட்டுகளை முதலில் முடித்துவிட்டு, நடுவர்களின் தனிக் காட்சிகளைப் பிறகு எடுப்பதாக வரிசையை மாற்றினார். அடுத்த படப்பிடிப்புகளில் சிறியவர்களை முதலில் பாடவைத்தார்கள். என்னைத் தொல்லை தருபவள் என்று சிலர் நினைத்திருக்கலாம். அந்தப் பையனின் அம்மா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

தாத்தாவின் கதை ஐந்தாவது சுற்றில் வந்தது. படிவத்தை வைத்துக்கொண்டு ஓர் இளம்பெண் என் மகளிடம் பேட்டி எடுத்தாள். தாத்தா எந்தப் பாட்டை முதலில் சொல்லிக்கொடுத்தார், கடைசியாக அவரை எப்போது பார்த்தாய், இன்று அவர் இருந்தால் என்ன சொல்வார் என்று மென்மையாகத்தான் கேட்டாள். மூன்றாவது கேள்வியில் குழந்தை உடைந்து அழுதாள், கேமரா நிற்கவில்லை. அடுத்த அரை மணி நேரத்தில் அவள் மேடையேறிப் பாட வேண்டும். அழுத தொண்டை இறுகிவிடும் என்பது பாடுகிற எவருக்கும் தெரியும். ஒரே ஸ்வரத்தில் இழுத்து நிற்கும் நீண்ட கார்வைகளை அவளால் பிடிக்க முடியவில்லை. அந்தக் காட்சியை எடுத்துவிடும்படி கேட்டேன். நீளத்தைக் குறைத்தார்கள், நீக்கவில்லை. கையெழுத்துப் போட்டவர்கள் நாங்கள் என்பதால் அதற்கு மேல் பேச இடமில்லை. இப்போது அந்த நிலை வந்தால், பேட்டி பாட்டுக்குப் பிறகுதான் என்று முதல் நாளே எழுத்தில் கேட்டு வாங்கியிருப்பேன். எதைப் பற்றிப் பேச வேண்டும், எதைப் பற்றிப் பேச வேண்டாம் என்பதைக் குழந்தையோடு உட்கார்ந்து முடிவு செய்திருப்பேன். அந்த நிகழ்ச்சி ஒளிபரப்பான இரவில் அதற்குத்தான் அதிகம் பேர் அழைத்துப் பாராட்டினார்கள். அவள் டிவியை அணைக்கச் சொல்லிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.

நடுவர்களைப் பற்றி நன்றியோடு சொல்ல நிறைய இருக்கிறது. ஒளிபரப்பில் அவர்கள் பேசுவது அரை நிமிடம் வரும். அரங்கத்தில் ஐந்தாறு நிமிடம் பேசுவார்கள். சுருதி எங்கே அரைக்கால் நழுவியது, எந்தச் சொல்லின் நடுவில் மூச்சு வாங்கினாள், ழகரத்தை எங்கே லகரமாக விட்டாள் என்று நுணுக்கமாகச் சொல்லும் பகுதிகள் தொகுப்பில் வெட்டப்பட்டு, பாராட்டும் கண்ணீரும் மட்டும் மிஞ்சும். வெட்டப்படும் அந்தப் பகுதிதான் பிள்ளைக்குக் கிடைக்கும் உண்மையான வரவு. அரங்கில் பார்வையாளர் இருக்கையில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையையும் எழுதிக்கொண்டேன், மற்றப் பிள்ளைகளுக்குச் சொன்னவற்றையும் சேர்த்து. சொல்லின் நடுவில் மூச்சு வாங்கக் கூடாது, பொருள் முடியும் இடத்தில்தான் வாங்க வேண்டும் என்பதற்காக, பாட்டு வரிகளை எழுதி மூச்சு வாங்கும் இடங்களில் பென்சிலால் கோடு போட ஒரு நடுவர் சொல்லிக்கொடுத்தார். இன்றும் அவளுடைய பாட்டு நோட்டில் எல்லாப் பக்கத்திலும் அந்தக் கோடுகள் இருக்கின்றன.

ஏழாவது சுற்றில் அவள் வெளியேறினாள். அன்று அவள் பாடியது சுமார்தான், எனக்கு அதில் குறையில்லை. ஆனால் படப்பிடிப்புக்கும் ஒளிபரப்புக்கும் இடையே ஐந்து வாரம் இருந்தது. முடிவை வெளியே சொல்ல மாட்டோம் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். அந்த ஐந்து வாரமும் அவள் தினமும் பள்ளிக்குப் போனாள். “நீதான் ஜெயிப்ப” என்று தோழிகள் சொன்னார்கள். தெருவில் ஒரு பெரியவர் ஃப்ளெக்ஸ் வைக்க அளவு கேட்டார். பள்ளித் தலைமையாசிரியர் காலை வணக்கக் கூட்டத்தில் வாழ்த்தினார். தோற்றதைத் தாங்கிக்கொண்ட பிள்ளை, தோற்றதை மறைத்துக்கொண்டு சிரிப்பதைத் தாங்க முடியாமல் இரண்டு முறை காய்ச்சலில் படுத்தாள். இதற்கு நான் கண்ட ஒரே வழி, வீட்டுக்குள் மட்டும் அதை முழுதாகப் பேசுவதுதான். தினமும் இரவு அதற்கென்றே அரை மணி நேரம் ஒதுக்கினோம். அழுவதென்றாலும் அப்போது அழுதோம். ஒளிபரப்பான பிறகு இணையத்தில் வந்த காணொளியின் கீழே யார் யாரோ எழுதியதை அவள் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டது அடுத்த வேலை. பன்னிரண்டு வயதுக் குழந்தையின் பல்லைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் எழுத மனம் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

நேயர் வாக்கு கடைசிச் சுற்றுகளுக்குத்தான் என்பதால் எங்களுக்கு அதில் நேரடி அனுபவம் இல்லை. உடன் பாடிய ஒரு பிள்ளையின் பெற்றோர் சொல்லக் கேட்டதுதான். ஊர், உறவு, பழைய மாணவர் சங்கம் என்று எல்லோரையும் திரட்டுவதற்கு அவர்கள் பாட்டுப் பயிற்சிக்கு இணையாக நேரம் செலவிட்டார்கள். முன்பு குறுஞ்செய்தியில் நடந்த வாக்களிப்பு இப்போது இணையத்தில் நடக்கிறது. பயிற்சியின் நேர்த்தியை நேயர்கள் மார்க் போட்டு அளப்பதில்லை. தங்களில் ஒருவர் என்று யாரை உணர்கிறார்களோ அவருக்குப் போடுகிறார்கள். 2018இல் கிராமியப் பாடகர் செந்தில் கணேஷ் சூப்பர் சிங்கரில் வென்றபோது எங்கள் ஊரில் அதுவரை பாட்டுப் போட்டியே பார்க்காதவர்கள் கூட மகிழ்ந்தது நினைவிருக்கிறது. அதைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பரிசைப் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சிப் போட்டிகளில் வெல்லும் பரிசுக்கு 30 விழுக்காடு வருமான வரி, அதன்மேல் 4 விழுக்காடு மேல்வரி, மொத்தம் 31.2 விழுக்காடு. பணமாக இருந்தால் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். வீடோ காரோ பரிசாக வந்தால், வரியைக் கட்டிய பிறகே அது கைக்கு வரும். 40 லட்சம் ரூபாய் மதிப்புள்ள வீடு என்றால், வரிக்கு மட்டும் மொத்தம் 12 லட்சத்து 48 ஆயிரம் ரூபாய் புரட்ட வேண்டும். நடுத்தரக் குடும்பம் இதை மேடையில் பட்டாசு வெடித்த பிறகு தெரிந்துகொள்ளக் கூடாது. எங்களுக்குப் பரிசு ஏதும் கிடைக்கவில்லை. பயணம், தங்குமிடம், உடை என்று ஏழு மாதத்தில் 83,000 ரூபாய் செலவாயிற்று. அவள் பள்ளிக்குப் போகாத நாள் 34. அந்தப் பாடங்களைக் கோடை விடுமுறையில் நானே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.

ஊருக்குத் திரும்பியபின் வந்த முதல் வெள்ளிக்கிழமை அவள் பாட்டு வகுப்புக்குப் போனாள். டீச்சர் போட்டியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தம்பூராவைப் போட்டுவிட்டு ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். கேட்டு முடித்ததும், மேடையில் கைதட்டல் வரும் இடத்துக்காகக் குரலை அழுத்தித் தள்ளும் பழக்கம் வந்திருக்கிறது என்றார். வளரும் வயதில் அந்த அழுத்தம் தொண்டையைக் கெடுத்துவிடும் என்றும் சொன்னார். பாட்டு நோட்டை வாங்கித் தம் அலமாரியில் வைத்துக்கொண்டார். மூன்று வாரம் தொடக்கப் பாடமான சரளி வரிசை மட்டும், அதுவும் மெதுவான முதல் காலத்தில், ஐந்து கட்டையில். நான்காவது வாரம் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.